மயக்க மருந்தும் மறைந்துள்ள மரபும்

1846ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் ஈதர் ஆவியினால் நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்து காட்டப்பெற்ற நாள் தொடக்கம், மயக்க மருந்து மனித குலத்திற்குப் பெருவரமாய் விளங்குகின்றது. எனினும், பல்லாயிரவர்க்கு வரமாகிய அதுவே மிகச் சிலர்க்கு நஞ்சாவதும் உண்டு. அந்நிலையை மருத்துவ நூலார் மலிக்னன்ற் ஹைப்பர்தேர்மியா என்பர். கொடிய மிகைவெப்பம் என்பது அதன் பொருள்.

1960ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில், கால் முறிந்து வைத்தியசாலை சேர்ந்த மாணவனொருவன் முறிவினும் மயக்கத்திற்கே பெரிதும் அஞ்சினான். அவன் உறவினர் பத்துப்பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தனர். ஆதலின் ஈதரை விலக்கிப் புதிய மருந்தாகிய ஹலோதேன் கொடுக்கப்பட்டது. சிறிது நேரத்தில் நாடி விரைந்தது, உடல் கொதித்தது. மருந்தை நிறுத்திப் பனிக்கட்டியாற் குளிரூட்டவே அவன் பிழைத்தான். அவன் சொல்லைப் புறக்கணியாது குடும்ப வரலாற்றை ஆராய்ந்த டென்பரோ, லவெல் என்னும் இருவர், இக்கேடு பரம்பரையாக வருவதென வெளிப்படுத்தினர்.

இதன் காரணம் யாது? தசை சுருங்குதற்கு வேண்டிய கல்சியம் தசைக்கலத்தினுள் ஓர் அறையிற் சேமிக்கப்பட்டுள்ளது. அவ்வறையின் வாயில் பிறப்பிலேயே பழுதுற்றவரிடத்து, சில மருந்துகள் படுதலும் வாயில் திறந்து மூடாதொழிகின்றது. தசைகள் ஓயாது இறுகுகின்றன. காபனீரொட்சைட்டும் அமிலமும் வெப்பமும் பெருகுகின்றன. பொற்றாசியம் குருதியிற் கலந்து இதயத்தைத் தாக்குகின்றது. பெற்றோருள் ஒருவர்க்கு இப்பழுது இருப்பின், பிள்ளை ஒவ்வொன்றும் அதனைப் பெறுதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு.

இத்தீங்கை மூட்டுவன ஈதர், ஹலோதேன், ஐசோபுளூரேன், செவோபுளூரேன், டெஸ்புளூரேன் ஆகிய ஆவி மருந்துகளும், தசையைத் தளர்த்தும் சக்சமெதோனியமுமாம். நைதரசு ஒட்சைட்டு, புரோபொபோல், கெற்றமைன், உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் மருந்துகள் ஆகியன இதனை மூட்டுவதில்லை. எனவே முன்னரே அறிந்தால் விலக்குதல் எளிது. தீங்கு தோன்றியபின் அதனை மாற்றும் மருந்து டன்ரலீன் ஒன்றே. 60 கிலோகிராம் எடையுள்ளவர்க்கு முதலில் வேண்டுவது 150 மில்லிகிராம். 20 மில்லிகிராம் கொண்ட குப்பிகளாயின் எட்டு வேண்டும். முன்னர் நூற்றுக்கு எழுபதின் மேலாயிருந்த இறப்பு, இம்மருந்து கிடைக்குமிடங்களிற் பத்திற்கும் குறைந்துள்ளது.

மருந்தும் மரபும் முரணுதற்குத் தமிழகத்திலும் வேறோர் எடுத்துக்காட்டுண்டு. சக்சமெதோனியத்தைச் சிதைக்கும் நொதியம், கோயம்புத்தூர் வைசிய சமூகத்தாருட் சிலரிடம் மரபு மாற்றத்தால் இல்லையென 2006ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. சில நிமிடங்களில் நீங்கவேண்டிய தசைத்தளர்ச்சி அவர்க்குப் பல மணிநேரம் நீடிக்கும். அதுவரை செயற்கைச் சுவாசம் அளித்தல் வேண்டும்.

முன்னொருமுறை மயக்கத்தினின்று நலமே மீண்டவரும் இக்கேட்டிற்கு விலக்கல்லர். ஆதலின், "உங்கள் குடும்பத்தில் எவர்க்கேனும் மயக்கத்தில் தீங்கு நேர்ந்ததுண்டோ?" என வைத்தியர் வினவுவது வெறுஞ் சடங்கன்று. திருகோணமலை போன்ற துறைமுக நகரங்களில், உற்றார் கடல்கடந்து சிதறி வாழும் குடும்பங்கள் பல. எங்கோ ஓர் உறவினர் சத்திரசிகிச்சை மேசையில் இறந்த செய்தியை விதியென்று மறவாது, நினைவிற்கொண்டு உரைத்தல் வேண்டும். மெல்பேண் மாணவனைக் காத்தது பனிக்கட்டி; அவன் குலத்தைக் காத்ததோ அவன் வாய்ச்சொல்லே.