பாலையில் ஒரு பெருநகர்

தமிழ்மரபு பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலையே பாலை; மழை பெய்தால் அது மறைந்துவிடும். ஆயின் என்றும் பாலையாகவே கிடக்கும் நிலங்களும் உலகில் உள. அத்தகைய நிலமொன்றில் பதினாறு இலட்சம் மக்கள் நகரமைத்து வாழ்கின்றனர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான பீனிக்ஸே அது.

அங்கு ஆண்டு முழுதும் பெய்யும் மழை சராசரியாக 18 சென்டிமீட்டர். கோலாலம்பூரில் நவம்பர் ஒரு திங்களிலேயே இதனினும் மிகுதியாகப் பெய்யும். அவ்வறட்சியே அந்நகரின் முதல் நன்மை என்றால் நம் வாசகர் வியக்கலாம். வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. நம் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராமையால் 33 பாகை செல்சியசே பெரும் புழுக்கமாகிறது. அங்கோ அது உடனே உலர்ந்துவிடுவதால் நிழலில் 38 பாகையும் தாங்கத்தக்கதே. இதில் ஒரு சூதும் உண்டு: வியர்ப்பதே தெரியாமையால், உடல் நீரிழப்பதை மனிதன் உணர்வதில்லை. குளிர்காலமோ மிக இனியது. சனவரியில் பகல் வெப்பம் 20 பாகையளவில் நிற்பதால், பனி மூடிய வடமாநிலத்தாரும் கனடா நாட்டாரும் வந்து தங்குவர்.

ஹோஹோகம் எனும் தொல்குடியினர் சால்ட் ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. 1867 அளவில் வந்த குடியேறிகள் அவற்றைத் தூர்வாரிப் பயிரிட்டனர். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் நகருக்கு வாய்த்தது அதனாலேயே. இன்று 540 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் கொலராடோ ஆற்றுநீரையும் கொணர்கிறது. அவ்வாறும் வறட்சியால் மெலிந்து வருகிறது.

கோடையில் பெரிய இடர் இரவிலே உளது. வெற்றுப் பாலை பகலில் கொதித்தாலும் இரவில் விரைந்து ஆறும். வறண்ட காற்றும் முகிலற்ற வானமும் வெப்பத்தைத் தடுத்து வைப்பதில்லை. நகரின் தார்ச்சாலைகளும் சிமெண்டுச் சுவர்களுமோ பகல் வெப்பத்தை உண்டு இரவெல்லாம் கக்குகின்றன. பாலை தரும் ஆறுதலை நகரே பறித்துக்கொண்டது எனலாம். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43 பாகைக்குக் குறையவில்லை. 16 இரவுகள் 32 பாகைக்குக் கீழே இறங்கவுமில்லை.

அவ்வாண்டு நகரை உள்ளடக்கிய மாரிக்கோபா வட்டாரத்தில் வெப்பத்தால் இறந்தோர் 645 பேர். வீடற்றோரே அவர்களுள் பெருந்தொகையினர். வீட்டுக்குள் இறந்தோர் பலரின் இல்லங்களில் குளிர்சாதனம் இருந்தும் அது இயங்கவில்லை. மின்கட்டணப் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட மூதாட்டி ஒருவர் 2018இல் அவ்வட்டாரத்தில் இறந்தார். செய்தி வெளிப்பட்டதும், கோடைத் திங்களில் அவ்வாறு துண்டிப்பதை மாநில ஆணையம் 2019இல் தடுத்தது.