வாட்ஸை மட்டும் பார்த்து லைட் வாங்குறீங்களா? லூமெனையும் கவனிங்க!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேஜைக்கு மேலே எரியும் லைட்டுக்கு முக்கியமான வேலை ஒன்று உண்டு. துணியில் இருக்கும் ஓட்டை, எண்ணெய்க் கறை, நிற வித்தியாசம் எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் பீஸ் திரும்பி வரும். குனிந்து பார்த்துப் பார்த்து, அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக் கண்ணும் தலையும் வலிக்கும். ஆனால், லைட் வாங்கும்போது பலரும் கேட்பது ஒரே கேள்விதான்... 'எத்தனை வாட்ஸ்?'

வாட்ஸ் வேறு, வெளிச்சம் வேறு

வாட்ஸ் என்பது லைட் இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. அது வெளியிடும் மொத்த ஒளியின் கணக்குதான் லூமென். பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பில் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகவே வீணானது. அந்த வெளிச்சத்தை இன்று சுமார் 15 வாட்ஸ் எல்.இ.டி பல்பே கொடுத்துவிடுகிறது.

லூமெனை வாட்ஸால் வகுத்தால் லைட்டின் 'மைலேஜ்' தெரியும். 100 வாட்ஸில் 9,000 லூமென் தந்தால் 90. அதே 100 வாட்ஸில் 13,000 லூமென் தந்தால் 130. இரண்டுக்கும் கரன்ட் பில் ஒன்றுதான், வெளிச்சம் ஒன்றல்ல.

மேஜைக்கு வருவது லக்ஸ்

ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறதோ, அதுவே லக்ஸ். 20,000 லூமென் 100 சதுர மீட்டரில் பரவினால் 200 லக்ஸ்; 50 சதுர மீட்டரில் விழுந்தால் 400 லக்ஸ். லைட் உயரப் போகப் போக ஒளி பரவி, மேஜைக்கு வருவது குறையும். லக்ஸ் மீட்டரை மேஜையின் மேல் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* மெட்டல் ஹாலைடு, சோடியம் லைட்டுகளின் பெட்டியில் இருப்பது பல்பின் லூமென். ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பும்போது அதில் ஒரு பகுதி குறைந்துவிடும். எல்.இ.டி-யிலும் சிப்பின் லூமெனைச் சொல்லி விற்பவர்கள் உண்டு. எதுவானாலும் முழு ஃபிட்டிங்கின் லூமெனைக் கேளுங்கள். எல்.இ.டி என்றால் 'எல்.எம்-79' டெஸ்ட் ரிப்போர்ட்டில் அது இருக்கும்.

* 'எல்70 - 50,000 மணி நேரம்' என்றிருந்தால், அத்தனை மணி நேரம் எரிந்த பிறகு ஆரம்ப வெளிச்சத்தில் 70 சதவிகிதம் மிஞ்சும் என்று அர்த்தம். அதற்கேற்ப முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகக் கணக்கிடுங்கள்.

* நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனைச் சொல்வது சி.ஆர்.ஐ எண். மஞ்சள் சோடியம் லைட்டுக்கு இது சுமார் 25தான். லூமென் எவ்வளவு இருந்தாலும் அதன் கீழே நீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது கஷ்டம். நிறம் பார்க்கும் மேஜைக்கு 90-க்கு மேல் இருப்பது நல்லது.

கூரையில் இன்னொரு பெரிய லைட்டை மாட்டும் முன், மேஜைக்கு மேலே தாழ்வாக ஒரு சின்ன லைட்டைத் தொங்கவிட்டு, லக்ஸை அளந்து பாருங்கள். பல இடங்களில் அதுவே போதுமானதாக இருக்கும். கரன்ட் பில்லும் குறையும், கண்ணும் பிழைக்கும்!