கம்பெனி இடம் மாறியதும் ஃபோன் இரைகிறதா?

திருப்பூர் காதர்பேட்டைச் சந்தில் நெருக்கடியாக இருந்த ஆபீஸைக் காலி செய்துவிட்டு மங்கலம் ரோட்டிலோ பெருமாநல்லூர் ரோட்டிலோ விசாலமான கட்டடத்துக்குப் போகிறோம். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் தையல் மெஷின்கள் லாரியில் ஏறி இறங்கி, மறுநாளே ஓட ஆரம்பித்துவிடும். ஃபோன் மட்டும் மாதக்கணக்கில் மக்கர் செய்யும். ஒரு நேரம் நன்றாகக் கேட்கும், ஒரு நேரம் இரையும், ஒரு நேரம் செத்துக் கிடக்கும். டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே இதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

செல்போன் இருக்கும்போது இந்த லேண்ட்லைன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனால் அவருடைய செல் நம்பரும் கூடவே போய்விடும். 0421 என்று தொடங்கும் நம்பர் கம்பெனியோடு நிற்கும். பையர் கையில் இருக்கும் பழைய இன்வாய்ஸிலும் பேங்க் பேப்பரிலும் இருப்பது அந்த நம்பர்தான். அதனால்தான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இடம் மாறும்போது நம்பர்தான் பழையது, கம்பி முழுக்க வேறு. எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். என்ற பெரிய சட்டத்தில் உங்கள் நம்பரை வேறொரு ஜோடிக் கம்பியில் மாற்றிக் கட்டுவார்கள். அந்த ஜோடி பூமிக்கடியில் கேபிளாக ஓடி, தெருமுனைப் பில்லருக்கு வந்து, அங்கிருந்து டி.பி. என்ற விநியோகப் பெட்டிக்கு ஏறி, டிராப் ஒயராக உங்கள் சுவருக்கு வரும். சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ புது இடத்து ரோட்டைத் தோண்டியபோது கேபிள் அறுபட்டு, அவசரமாக ஒட்டுப் போட்டிருக்கலாம். பழைய இடத்தில் நன்றாக இருந்ததே என்ற நினைப்பு இங்கே உதவாது.

துணியில் கறை தெரிந்தால் என்ன செய்கிறோம்? நிட்டிங்கா, டையிங்கா, தையலா என்று ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கிப் போகிறோம். லைனையும் அப்படியே பாருங்கள். வெளிக் கம்பி உங்கள் கட்டடத்துக்குள் நுழையும் இடம்தான் எல்லை. அங்கே ஆபீஸ் எக்ஸ்டென்ஷன்களை இணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ் பெட்டிக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, சாதாரண ஃபோன் ஒன்றை நேராக மாட்டுங்கள். அங்கே தெளிவாகக் கேட்டால் கோளாறு உங்கள் பக்கம். அங்கேயும் இரைந்தால் வெளிப் பக்கம். தொல்லை மழையில் வருகிறதென்றால் மழையில் பாருங்கள், மெஷின் ஓடும்போது வருகிறதென்றால் ஓடும்போது பாருங்கள். தொல்லை வராத நேரத்தில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

கோளாறின் குணமே அது இருக்கும் இடத்தைப் பாதி சொல்லிவிடும். இடைவிடாமல் உம்மென்ற இரைச்சல் கேட்டால், ஜோடியில் ஒரு கம்பி எங்கோ ஈரத்தையோ பூமியையோ தொடுகிறது என்று சந்தேகப்படுங்கள். இரண்டு கம்பியும் சமமாக இருக்கும்வரை பக்கத்துக் கரண்டின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துப்போகும். ஒன்று கசிந்தால் இரைச்சல் உள்ளே வந்துவிடும். எலக்ட்ரீசியன் மோட்டார் ஒயரையும் ஃபோன் ஒயரையும் ஒரே பைப்பில் இழுத்திருந்தாலும் இது வரலாம். தனிப் பைப்பில் தள்ளி இழுப்பதே வழி.

சடசடவென்று பொரிந்தால், இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது பச்சை பூத்திருக்கிறது. டயல் டோன் இல்லாமல் கிடந்த லைன், வெளியிலிருந்து ஒரு கால் வந்தபின் கொஞ்ச நேரம் உயிர் பெறுகிறதா? அதுவும் கெட்ட ஒட்டின் அடையாளம். எக்ஸ்சேஞ்ச் சாதாரணமாகக் கொடுப்பது சுமார் 48 வோல்ட் டி.சி. மணி அடிக்கும்போது அதன்மேல் சுமார் 75 வோல்ட் ஏ.சி. வரும். அந்த வேகத்தில் களிம்பு பிடித்த ஒட்டு தற்காலிகமாகச் சேர்ந்துகொள்ளும். மணி அடிக்கும்போது இவ்வளவு வோல்ட் வருவதால் ஒயரை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், ஷாக் அடிக்கும். ஒரு தடவை மணி அடித்து, யாரும் எடுக்காமலே கட் ஆனால், பெரும்பாலும் ஈரக் கசிவு. அயர்னிங் பக்கம் நீராவியும் பஞ்சுத் தூசியும் படியும் இடத்தில் ஃபோனை மாட்டும் ரோசெட் பெட்டியை வைக்க வேண்டாம்.

நாலைந்து லைனை ஹன்டிங்கில் போட்ட கம்பெனிகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பையர் மெயின் நம்பரைக் கூப்பிடுகிறார். அது பிஸியானால் கால் அடுத்த லைனுக்குத் தாவுகிறது. அந்த லைன் செத்திருந்தாலும் அவர் காதில் ரிங் போய்க்கொண்டே இருக்கும், உங்கள் ஆபீஸில் எதுவும் அடிக்காது. சில நேரம் மட்டும் லைன் கிடைக்கவில்லை என்று புகார் வருவது இப்படித்தான். ஒவ்வொரு லைனையும் அதன் சொந்த நம்பரில் வெளியிலிருந்து தனித்தனியாகக் கூப்பிட்டுச் சரிபாருங்கள்.

புது இடத்தில் ஃபைபர் கொடுத்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். செம்புக் கம்பியில் ஃபோனுக்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வந்தது. ஃபைபரில் அந்தக் கரண்டை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள், ஃபைபரை ஃபோனோடு இணைக்கும் ஓ.என்.டி. பெட்டி அணைந்து, மறுபடி எழுந்து நிற்க நிமிடங்கள் ஆகும். அந்தப் பெட்டியையும் இ.பி.ஏ.பி.எக்ஸையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். ஃபைபர் ஒயரைச் சுவர் மூலையில் மடக்கி ஆணி அடித்தால் ஒளி கசியும். ஒளி அளவு மைனஸ் 20 டி.பி.எம். (dBm) பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 27ஐ நெருங்கினால் தொல்லைதான். லைன்மேனிடம் இருக்கும் மீட்டர் அதைக் காட்டும், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேசி முடித்த பின்னும் லைன் பிஸியாகவே நிற்கிறதா? கால் முடிந்துவிட்டது என்ற அடையாளத்தை இ.பி.ஏ.பி.எக்ஸ் புது இணைப்பில் புரிந்துகொள்ளவில்லை. செட்டிங்கை மாற்றினால் போதும், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.

புகார் கொடுக்கும்போது பதிவு எண்ணை எழுதி வையுங்கள். பி.எஸ்.என்.எல். லேண்ட்லைனுக்கு 198. தீரவில்லை என்றால், எந்தக் கம்பெனி லைனாக இருந்தாலும் அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிகள் அந்த வழியைத் தருகின்றன.

ரிசப்ஷனில் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், எந்த நம்பர், என்ன சத்தம், அப்போது மழையா வெயிலா, எல்லையில் மாட்டிய ஃபோனில் எப்படி இருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். லைன்மேன் வந்து பார்க்கும் நேரத்தில் லைன் நன்றாக இருந்தால் அவர் நம்பும்படி காட்ட வேறு எதுவும் இருக்காது. ஃபோன் சரியில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள்.