எடை ஒளிந்துகொள்ளும் வளைவு

இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ராக்கெட் 3 மோட்டார் சைக்கிளின் எஞ்சின் 2458 சிசி. நம் தெருக்களில் ஓடும் சிறிய குடும்பக் கார்கள் பலவற்றின் எஞ்சினைப் போல இரண்டு மடங்கு. பின் டயரின் அகலம் 240 மி.மீ. பெட்ரோலும் ஆயிலும் ஊற்றாமலே 291 கிலோ. ஊற்றினால் 300-ஐத் தாண்டிவிடும். எதிர்முனையில், கல்லூரி வாசல்களில் வரிசை கட்டி நிற்கும் யமஹா ஆர்15. எஞ்சின் 155 சிசி, பெட்ரோலோடு சேர்த்தே எடை 142 கிலோ. ஒன்று பவர் குரூசர், மற்றொன்று ஸ்போர்ட்ஸ் பைக். யானையும் முயலும் என்று சொல்லி இரண்டையும் பிரித்துவிடத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடிவதில்லை.

முதலில் எஞ்சின். ராக்கெட்டின் உச்ச முறுக்குவிசை, அதாவது டார்க், 221 நியூட்டன் மீட்டர். ஆர்15-க்கு வெறும் 14.2. இந்த எண்களை அந்தந்த எஞ்சினின் கொள்ளளவால் வகுத்தால், லிட்டருக்கு ராக்கெட் தருவது 90, ஆர்15 தருவது 92. கிட்டத்தட்ட ஒரே எண்! இது தற்செயல் இல்லை. சிலிண்டர் உறிஞ்சுவது நம்மைச் சுற்றியுள்ள அதே காற்றைத்தான். ஒரு லிட்டர் இடத்தில் இருக்கும் ஆக்சிஜன் எவ்வளவோ அவ்வளவு பெட்ரோல்தான் எரியும். டர்போ வைத்துக் காற்றை அழுத்தித் திணிக்காதவரை, இங்கிலாந்துக்காரர் செய்தாலும் ஜப்பான்காரர் செய்தாலும் ஒரு லிட்டர் தரும் உந்துதலில் பெரிய வேறுபாடு வராது.

ஆனால் அதே லிட்டருக்குக் குதிரைத்திறனைக் கணக்கிட்டால் சின்னது முந்திவிடுகிறது. ராக்கெட் தருவது 68, ஆர்15 தருவது 119. காரணம் சுழற்சி. உந்துதலை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதுதானே திறன். ராக்கெட் தன் 167 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 6000 சுற்றில் எட்டுகிறது. ஆர்15 தன் 18.4-ஐ எட்ட 10,000 சுற்று வேண்டியிருக்கிறது. பெரிய எஞ்சினையும் 10,000 சுற்றுக்கு விரட்டினால் என்ன? அதன் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் 85.9 மி.மீ. ஏறி இறங்க வேண்டும். 10,000 சுற்றில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 28 மீட்டருக்கு மேல் போய்விடும். ஃபார்முலா 1 எஞ்சின்களின் பிஸ்டன்கூட அந்த வேகத்தில் ஓடுவதில்லை. அவரவர் உச்சத் திறனில் பார்த்தால் ராக்கெட்டின் பிஸ்டன் வேகம் வினாடிக்குச் சுமார் 17 மீட்டர், ஆர்15-இன் வேகம் 19-க்குச் சற்று மேல். ஒன்று உறுமுகிறது, மற்றொன்று கீச்சிடுகிறது. உள்ளே இரும்பும் அலுமினியமும் படும் பாடு ஏறக்குறைய ஒன்றே.

இனி வளைவு. கனமான வண்டியை அதிகம் சாய்க்க வேண்டும் என்று ஓட்டுகிறவர்களே நம்புவதுண்டு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் சாய்வு சுமார் 30 பாகை. எந்த வண்டிக்கு என்று கேட்கத் தேவையில்லை. வெளியே தள்ளும் போக்கும் எடையைப் பொறுத்தது, கீழே இழுக்கும் ஈர்ப்பும் எடையைப் பொறுத்தது. இரண்டையும் வகுக்கும்போது எடை அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது வேகமும் ஆரமும் மட்டுமே. ஒரு சின்ன வேறுபாடு உண்டு, அதுவும் டயரின் அகலத்தால் வருவது. அகலமான டயர் சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து உள்பக்கம் நகர்ந்துவிடும். அதை ஈடுகட்ட ராக்கெட் இன்னும் இரண்டு மூன்று பாகை கூடுதலாகச் சாய வேண்டும். தாழ்ந்த உடல்வாகு கொண்ட குரூசருக்கு இது நஷ்டம்; அதன் கால்மிதிதான் முதலில் தரையை உரசும்.

அப்படியானால் எடை எங்கே போயிற்று? சாய்ந்து நிற்பதில் காணாமல் போனது, சாயத் தொடங்கும்போது திரும்பி வருகிறது. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இடப்பக்கம் படுத்த வண்டியை உடனே வலப்பக்கம் புரட்ட வேண்டும். அங்கே கணக்கில் வருவது நிலைமம்: எவ்வளவு எடை, அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. புரட்டுவதற்கு நாம் செய்யும் காரியமும் விசித்திரமானது. வலப்பக்கம் சாய, ஹேண்டிலை ஒரு கணம் இடப்பக்கம் திருப்புகிறோம். உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திய துடைப்பத்தை வலப்பக்கம் கொண்டுபோக வேண்டுமானால் கையை முதலில் இடப்பக்கம் நகர்த்துகிறோமே, அதேதான். சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், பல சைக்கிள்காரர்களிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். முழுவதையும் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லையாம். இன்று கேட்டாலும் அந்த நிலைதான் என்று நினைக்கிறேன்.

ராக்கெட்டின் இரு சக்கர அச்சுகளுக்கு நடுவே 1677 மி.மீ.; ஆர்15-க்கு 1325. நீளமான வண்டி அதே வளைவைப் போட ஹேண்டிலைக் கூடுதலாகத் திருப்ப வேண்டும், அதுவும் மெதுவாகவே கேட்கும். அதனால்தான் குரூசருக்கு அகலமான ஹேண்டில், நெம்புகோல் போல. நெடுஞ்சாலையில் இதே மந்தம் வரமாகிவிடுகிறது. பக்கக் காற்றுக்கும் சாலைத் தழும்புக்கும் அது எளிதில் அசைந்து கொடுப்பதில்லை.

பிரேக்கிலும் எடை ஒரு கண்ணாமூச்சி ஆடுகிறது. உராய்வு எடையோடு சேர்ந்தே கூடுவதால், இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் நிற்க முடியும். நீளம் குறைந்த, உயரமான வண்டி கடும் பிரேக்கில் பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். நீளமான ராக்கெட்டுக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது, ஓட்டுநரோடு சேர்த்து ராக்கெட் சுமார் 1,45,000 ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். ஆர்15 சுமார் 80,000. ராக்கெட்டின் முன்சக்கரத்தில் 320 மி.மீ. தட்டுகள் இரண்டு இருப்பதும், ஆர்15-இல் 282 மி.மீ. தட்டு ஒன்றே போதுமாக இருப்பதும் இந்த வெப்பக் கணக்கால்தான்.

பின்னால் ஒருவரை ஏற்றினால் கதை மீண்டும் மாறும். ஆளுக்கு 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், இருவரைச் சுமக்கும் ஆர்15 மொத்தம் 282 கிலோ. பெட்ரோல் ஊற்றாத, ஆளில்லாத ராக்கெட்டைவிட அப்போதும் இலேசு. ஆனால் இரண்டாமவர் ஏறியதும் ஆர்15 வேகமெடுக்கும் ஆற்றலில் கால் பங்கு போய்விடும். ராக்கெட் இழப்பது சுமார் 15 சதவீதம்தான்.