வலக்கையா, இடக்கையா?

வேறொரு கோளில் கரிமச் சேர்மம் கிடைத்தது என்றால் போதும், அங்கே உயிரே இருப்பதுபோலத் தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். உயிரின் மூலப்பொருட்கள் அவ்வளவு அரியவை அல்ல. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி அடைத்த கண்ணாடிக் குடுவையில் மின்பொறி பாய்ச்சினால் அமினோ அமிலங்கள் உண்டாகும் என்று சிகாகோவில் ஆய்வு செய்த ஸ்டான்லி மில்லர் 1953-இலேயே காட்டிவிட்டார். ஆதிப் பூமியின் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் மிகுந்திருக்கும், இந்தச் சோதனை பொருந்தாது என்று பின்னால் மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் இருந்தன. பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா எடுத்து 2023-இல் பூமிக்குக் கொண்டுவந்த சுமார் 121 கிராம் மண்ணிலோ, உயிரினங்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-ம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் வேண்டிய ஐந்து காரங்களும் கிடைத்தன. மில்லரின் குடுவை தப்பாகவே இருக்கட்டும். பூமியில் தயாராகாதது வானிலிருந்து வந்து விழுந்திருக்கும்.

சிக்கல் இவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதில் இருக்கிறது. இரண்டு அமினோ அமிலங்கள் இணைய ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் தண்ணீராக இருந்தால் வினை எதிர்த்திசையில் போய், கோத்ததும் பிரியும். நனைந்து, காய்ந்து, மீண்டும் நனையும் எரிமலைக் குட்டைகளில்தான் சங்கிலிகள் நீண்டிருக்கும் என்று டேவிட் டீமர் போன்ற ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். கடலடி வெந்நீர் ஊற்றுகளே பிறப்பிடம் என்பவர்களும் உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொன்று: புரதத்தின் அமினோ அமிலங்கள், கிளைசீன் நீங்கலாக, இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் வரும். பென்னுவில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. உயிரினங்கள் புரதம் கட்டுவதோ இடக்கை வடிவத்தைக் கொண்டு மட்டுமே.

பூமி உருவாகி ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளில், அதாவது 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே நுண்ணுயிர்கள் இருந்தன. ஆகவே உயிர் எளிதில் தோன்றும் என்று வாதிடுகிறார்கள். இது எனக்குப் போதவில்லை. உயிர் தோன்றிய இடத்தில்தானே இந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆளிருக்கும்? ஒற்றைச் சான்றை வைத்து வாய்ப்பைக் கணக்கிட முடியாது, இரண்டாவது வேண்டும். அது செவ்வாயில் கிடைத்தால், பூமியும் செவ்வாயும் விண்கற்களாகப் பாறைகளைப் பரிமாறிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், நம் பங்காளியாகவே இருக்கலாம். சனியின் துணைக்கோளான என்செலடஸ் வெகு தொலைவு. அதன் பனி ஓட்டுக்கு அடியில் கடல். தென்துருவப் பிளவுகளிலிருந்து பீறிடுவதில் ஹைட்ரஜனும் பாஸ்பேட்டும் இருப்பது காசினி விண்கலத்தின் தரவுகளில் தெரிந்தது. காய்வதற்கு நிலமே இல்லாத இடம் என்பதால் குட்டைக் கோட்பாட்டுக்கும் அதுவே சோதனை. அங்கே அமினோ அமிலம் உண்டா என்று மட்டும் பார்த்தால் பென்னுவைத் தாண்ட மாட்டோம். ஒரு கை வடிவம் மட்டும் ஓங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மர்ச்சிசன் கல்லிலேயே சில அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம் சற்றுக் கூடுதலாக இருந்ததால், சிறிய சாய்வு செல்லாது. சாய்வு பெரிதாக, அதுவும் வலக்கைப் பக்கமாக இருந்துவிட்டால், அது நம் வம்சமோ என்ற ஐயத்துக்கும் இடமிராது.