தகரப் பெட்டியில் இருந்த எள்ளுப்பாட்டி

"வாயை அடக்குடி. இல்லேன்னா எள்ளுப்பாட்டி மாதிரி வாழாவெட்டியா வந்து நிப்பே!"

சின்ன வயதில் நான் எதிர்த்துப் பேசினால் அம்மா சொல்லும் வசவு இது. அந்தப் பாட்டி கர்வம் பிடித்து, புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள் என்றுதான் எங்கள் குடும்பத்தில் பேச்சு. இப்போது என் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். அதே வசவை அம்மா அவளிடமும் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

பொத்தேரியில் எங்களோடு தங்க வந்தபோது அம்மா ஒரு பழைய தகரப் பெட்டியையும் கொண்டு வந்திருந்தாள். ஒரு மத்தியானம் அதைப் பிரித்தோம். ஓலையில் ஒரு ஜாதகம், கல்யாணச் சீர்க் கணக்கு, அடியில் விக்டோரியா மகாராணியின் தலை அச்சிட்ட முத்திரைத் தாளில் ஒரு பத்திரம். புள்ளி வைக்காத கூட்டெழுத்து. எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. கூடுவாஞ்சேரியில் பத்திரம் எழுதும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

பார்த்தது, பேசியது, பிடித்தது எல்லாம் பெரியவர்களுக்குள்தான். கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வயது ஒன்பது!

பத்திரம் 1889-ஆம் ஆண்டு, விரோதி வருஷத்தில் எழுதியது. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! புருஷன் இரண்டாம் விவாகம் செய்துகொண்டபடியால், முதல் சம்சாரமும் கைக்குழந்தையும் தனியே வசிக்க ஓர் அறையும், வருஷத்துக்கு 24 கலம் நெல்லும் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். பாட்டியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கீறல் மட்டும். எழுதத் தெரியாதவள்.

"எங்ககிட்ட யாருமே இதைச் சொல்லலியேடி" என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்நாளில் ஆண் மறுபடி மணப்பது குற்றமில்லை. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு அதைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்தது 1949-ஆம் வருஷச் சட்டம். 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும். புருஷன் மறுமணம் செய்தால் தனியே வசித்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்று மனைவிக்கு உரிமை தந்ததே 1946-ஆம் வருஷச் சட்டம்தான். பாட்டி அதற்கு 57 வருஷம் முன்பே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

அதே காலத்தில்தான் பம்பாயில் ருக்மாபாயின் வழக்கு. பதினோரு வயதில் மணமானவர். வளர்ந்தபின் புருஷன் வீட்டுக்குப் போக மறுத்தார். 'சேர்ந்து வாழ், இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை' என்று 1887-இல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சிறைக்கே போகிறேன் என்றார். 1888-இல் 2,000 ரூபாயில் சமரசம் ஆயிற்று. பிறகு இங்கிலாந்து சென்று படித்து டாக்டராகத் திரும்பினார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப் பெட்டி இருக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிழிந்த தாளை ஒட்டும் டேப்பால் ஒட்டாதீர்கள், லாமினேஷனும் வேண்டாம். படம் பிடித்து வைத்துக்கொண்டு, தாளை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே யார் யார் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

அன்று ராத்திரி அம்மா பேத்தியைக் கூப்பிட்டாள். "மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கேக்க வேண்டியதைக் கூச்சப்படாம கேட்டுடு கண்ணு. எங்க எள்ளுப்பாட்டி கேட்டவ" என்றாள்.