சுள்ளியை விறகாக்கும் உருளை

கும்ப மாதம் நெருங்கினால் போதும், கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைவீதியிலும் மண்பானையும் விறகுக் கட்டும் வந்து இறங்கிவிடும். ஆற்றுக்கால் பொங்காலைக்கு விற்கும் பானைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டுச் சூளையில் வெந்தவை. விறகு என்று விற்பது கட்டை அல்ல. நாம் பாளை என்பதை இங்குள்ளவர்கள் கொதும்பு என்பார்களே, அதுதான். கூடவே சிரட்டை, காய்ந்த ஓலை, விரல் பருமனில் சுள்ளி.

மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்து தங்கினாள் என்பது ஐதீகம். ஆகவே நமக்கும் இதில் பாத்தியதை உண்டு! 1997ல் 15 லட்சம் பெண்களும் 2009ல் 25 லட்சம் பெண்களும் பொங்காலையிட்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டும் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி, கிழக்கேகோட்டையையும் தாண்டிப் பல கிலோமீட்டர் போகும். மூன்று செங்கல் வைத்த அந்த அடுப்பில் புளியங்கட்டையைச் சொருகினால் புகைதான் மிஞ்சும். குச்சி மெலிய மெலியக் காற்றுப் படும் பரப்பு கூடும். தீ உடனே பற்றும், பானையும் சீக்கிரம் பொங்கும்.

அன்று காசு கொடுத்து வாங்கும் சுள்ளிக்கு மற்ற நாட்களில் மதிப்பில்லை. மழைக்கு முன் மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுகிறார்கள். தடித்த கட்டைக்கு ஆள் வருகிறது. இலையும் மிலாறும் ஓரத்தில் மக்கிப் போகின்றன, அல்லது கொளுத்தப்படுகின்றன. காரணம் கூலி. வெட்டுக்கத்தியுடன் ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து நறுக்கினால், கேரளத்துக் கூலிக்கு அந்த விறகு கட்டுப்படியாகாது.

இந்த வேலைக்கு இயந்திரம் இருக்கிறது. போலந்து நாட்டில் வீட்டுக்காரர்களும் சிறு விவசாயிகளும் பயன்படுத்துகிறார்கள். எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள், அவற்றில் தடித்த கத்திகள். கிளையின் அடிப்பகுதியைக் காட்டினால் இலையோடு தானே உள்ளே இழுத்து, நம் கைவிரல் நீளத்துக்குத் துண்டு போட்டு மறுபக்கம் தள்ளும். டிராக்டரிலோ தனி எஞ்சினிலோ ஓடும். துண்டுகளை வலைப்பையில் பிடித்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்குகிறார்கள்.

இதைச் சீவல் இயந்திரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மரத்தைச் சிறு சில்லாகச் சீவித் தள்ளும். ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்து வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்: சீமைக்கருவேலை அப்படிச் சீவித்தான் மின் நிலையங்களில் எரிக்கிறார்கள். பெரிய கொதிகலனுக்கு அது சரி. வீட்டில் ஈரச் சில்லைக் குவித்தால் காற்றுப் புகாமல் சூடேறிப் பூசணம் பிடிக்கும். துண்டு போட்டால் நடுவே சந்து இருக்கும், தானே உலரும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்; அது போகாமல் எரித்தால் கண்ணீர்தான். மரத்தூளை அழுத்திக் கட்டையாக்கும் இயந்திரமும் உண்டு. அதற்குத் தூள் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், முதலும் அதிகம்.

கேஸ் இருக்கும்போது விறகு எதற்கு என்று கேட்கலாம். அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மவர்களுக்கு, முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டை காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் இருப்பது உண்மைதான். ஆனால் குளிக்க வெந்நீர் வைக்கவும், டீக்கடை அண்டா கொதிக்கவும், நெல் அவிக்கவும் எத்தனை சிலிண்டர் வாங்குவது?

நகரசபை இப்படி ஓர் உருளை இயந்திரம் வாங்கி, வெட்டும் கிளைகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்தால், அடுத்த கும்பத்துக்குள் காய்ந்த விறகு தயாராக இருக்கும் என்பது என் எண்ணம். நடைபாதையில் விற்கும் பெண்களிடமே மூட்டையாகக் கொடுக்கலாம். தென்னை மட்டையை மட்டும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதன் நார் உருளையில் சுற்றிக்கொள்ளக்கூடும்.

இயக்குபவர் வேட்டியோ துண்டோ தொங்கவிட்டு நிற்கக் கூடாது. கிளையைப் பிடித்த உருளை விடாது. கவைக் கிளை சட்டைக்கையைக் கொக்கி போட்டால் கையையும் சேர்த்து இழுக்கும். நிறுத்தும் விசை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினை ஓட்ட வேண்டும்.